குளக்கரையில் ஒரு வாடகை அறை

நாகர்கோவில் பாசஞ்சர் நேமத்தைத் தாண்டியதுமே பெட்டியில் பைகள் இறங்கத் தொடங்கிவிடும். தோவாளைப் பூமூட்டைகள், வாழைக்குலைகள், புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள் மார்போடு அணைத்துப் பிடித்திருக்கும் ஸ்கேன் உறைகள். அன்று காலை அந்தக் கூட்டத்தில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும் கூடுதலாக இருந்தன. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர், சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்த தங்கை மகளைத் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு வாடகை அறையில் குடிவைக்க வந்துகொண்டிருந்தார். நகரத்தில் ஒரு சிறிய தன்னார்வ அமைப்பில் அவளுக்கு ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருந்தது. அதற்கு அப்பால் என்ன என்று வீட்டில் கேட்டபோது, "சர்வதேசச் சூழலியல் ஆளுகை" என்று சொல்லியிருக்கிறாள். "ஆளுகைன்னா, கலெக்டரா?" என்று கேட்ட அம்மாவுக்கு இன்றுவரை சரியான பதில் வந்து சேரவில்லை.

தம்பானூரில் இறங்குகிறவர்கள் யாரும் காலடியில் ஓர் ஓடை போவதை நினைப்பதில்லை. ஆமயிழஞ்சான் தோடு என்று பெயர். ரயில் நிலையத்தின் ஒரு பக்கத்தில் தரைக்குள் புகுந்து, தண்டவாளங்களுக்கு அடியில் இருட்டிலேயே நடந்து, மறுபக்கம் வெளிச்சத்துக்கு வருகிறது. 2024 ஜூலை 13 அன்று அதன் வாயை அடைத்திருந்த குப்பையை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் உள்ளே இழுத்துக்கொண்டது. தீயணைப்புப் படையினர் இறங்கினார்கள், ரோபோவை இறக்கினார்கள், கடற்படை முக்குளிப்பவர்களும் வந்தார்கள். ஓடைக்குள் தண்ணீரைவிடக் குப்பைதான் கெட்டியாக இருந்தது. மூன்றாம் நாள் காலை, நிலையத்துக்கு வெளியே, தகரப்பறம்புப் பக்கம் உடல் மிதந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, எகிப்தின் அலெக்சாண்டிரியாவில், ஐ.நா. வாழிட அமைப்பும் ஷாங்காய் நகரமும் சேர்ந்து வழங்கும் நிலைத்த நகர வளர்ச்சி விருதைத் திருவனந்தபுரம் மாநகராட்சி வாங்கியது. இரண்டுக்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை. விருது பொய் என்று சொல்லிவிட முடியாது. சூரிய மின்சாரம், மின்பேருந்து என்று காட்ட அதற்குக் காரணங்கள் இருந்தன. ஓடையும் பொய்யில்லை. ஒரே நகரத்தைப் பற்றிய இரண்டு கோப்புகள் இரண்டு கட்டடங்களில் தனித்தனியே தடித்துக்கொண்டே போவது இந்தத் துறையில் சாதாரணம். முதல் கோப்பிலிருந்து இரண்டாம் கோப்புக்கு யாராவது நடந்து போய் வரவேண்டும். அந்த நடைதான் இந்த வேலை என்று ஆசிரியர் தனக்குத்தானே ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

ஆட்டோ வேண்டாம் என்று முடிவாயிற்று. டிரங்குப் பெட்டியை மட்டும் ஒரு ஆட்டோக்காரரிடம் ஏற்றிவிடலாமா என்று யோசித்து, அதுவும் வேண்டாம் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பழவங்காடி கணபதி கோயில் வாசலில் தேங்காய் உடைபடும் சத்தம். கிழக்கேகோட்டை. அப்புறம் சாலைக் கடைத்தெரு.

சாலைக்குள் நுழைந்தால் தமிழுக்குப் பஞ்சமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் எழுந்த சந்தை இது. தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய் என்று வரிசையாகச் சாக்கு விரித்திருந்த கடை முன்னால் அவள் நின்றாள்.

"மாமா, இது அப்படியே இணைப்பு ஏ."

"என்னது?"

"ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையோட இணைப்பு ஏ. அதுல எண்டோசல்ஃபான் பக்கத்துல ஒரு விலக்குப் பட்டியல் இருக்கு. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, இன்னும் கொஞ்ச காலம் அடிக்கலாம்னு. கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு. மாம்பழத்துக்குத் தத்துப்பூச்சி. சணலுக்குப் பீகார் கம்பளிப்பூச்சி."

ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட சட்ட வாசகத்தில் பீகார் கம்பளிப்பூச்சிக்கு ஓர் இடம் உண்டு என்பது ஆசிரியருக்குப் புதிது. பட்டியலை மனதுக்குள் ஓட்டிவிட்டு அவர் கேட்டார்: "அண்டி?"

அண்டி என்றால் முந்திரி. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

"இல்ல மாமா. அண்டி அந்தப் பட்டியல்ல இல்ல."

கதை தொடங்கியதே அண்டித் தோட்டத்தில்தான். கேரளத்தின் வடக்கு முனையான காசர்கோட்டில், மாநிலத் தோட்டக் கழகத்துக்குச் சொந்தமான 4,500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட முந்திரித் தோட்டங்களில், தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்க 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அது மேடும் பள்ளமுமான ஊர். தோட்டத்துக்கு நடுவிலேயே வீடுகளும், மூடியில்லாத கிணறுகளும், குன்றைக் குடைந்து நீர் எடுக்கும் சுரங்கங்களும். மேலிருந்து விழுவது எல்லாவற்றின் மீதும் விழுந்தது. பத்ரே கிராமத்தில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஒய்.எஸ். மோகன்குமார், தன்னிடம் வரும் நோய்களில் ஏதோ இயல்புக்கு மாறாக இருப்பதைக் கவனித்து எழுதத் தொடங்கினார். அதே வட்டாரத்தின் பத்திரிகையாளர் ஸ்ரீ பத்ரே அதை வெளியுலகுக்குக் கொண்டு வந்தார். வேளாண்துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா நீதிமன்றத்துக்குப் போனார். அரசு ஊழியர் ஒருவர் அரசுக் கழகத்தின் தெளிப்பை எதிர்த்துத் தடை வாங்கினார். கேரளத்தில் சூழலியல் பேசுகிறவர்கள் இந்த மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

இதுவரை உள்ளூர்க் கதை. இது எப்படி ஜெனீவாவுக்குப் போனது என்பதில்தான் அவளுக்கு ஆர்வம்.

நிலைத்துநிற்கும் கரிம மாசுப்பொருள்கள் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் பன்னிரண்டு வேதிப்பொருள்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் ஓர் உறுப்பு நாடோ கூட்டமைப்போ அதை முன்மொழிய வேண்டும். எண்டோசல்ஃபானை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் முன்மொழிந்தது. அப்புறம் 31 நிபுணர்கள் கொண்ட பரிசீலனைக் குழு அதை மூன்று கட்டமாகச் சலிக்கும். தண்ணீரில் பாதியாகச் சிதைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறதா, மண்ணில் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறதா, உடல்கொழுப்பில் சேர்கிறதா, பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் பயணம் போகிறதா, கெடுதல் செய்கிறதா. எண்டோசல்ஃபான் தெளிக்கப்படாத ஆர்க்டிக் பனிப்பகுதியில்கூட அது அகப்பட்டது. காசர்கோட்டுக் குழந்தையின் துயரம் மட்டும் இந்தச் சல்லடையில் நிற்காது. ஆர்க்டிக்கின் காற்று மாதிரியும் வேண்டும். முதலாவதைக் கொண்டுபோகிறவர் ஓர் ஊர்க்காரர், இரண்டாவதைக் கொண்டுவருகிறவர் ஒரு வேதியியலாளர். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் கோப்பு நகரும்.

அந்த அறைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஆள் போயிற்று. 1986இல் இயற்கை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய 'தணல்' அமைப்பு காசர்கோட்டில் கள ஆய்வு செய்திருந்தது, அதன் சி. ஜெயகுமார் இந்தக் கூட்டங்களில் பார்வையாளராகப் பங்கெடுத்தார். பார்வையாளருக்கு வாக்கு கிடையாது. நாடுகள் பேசி முடித்தபின் தலைவர் அனுமதித்தால் சில நிமிடம் கிடைக்கும். மிச்ச வேலையெல்லாம் நடைபாதையிலும் காபி மேசையிலும்தான். இன்னொரு நாட்டின் பிரதிநிதியைப் பிடித்து, உங்கள் பருத்தி விவசாயிக்கும் இதே பிரச்சினை வரும் என்று புரியவைப்பது, இரவில் வந்த வரைவில் எந்தச் சொல் சதுர அடைப்புக்குறிக்குள் போயிருக்கிறது என்று காலைக்குள் பார்த்துச் சொல்வது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல் இன்னும் சண்டையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்திய அரசு அப்போது எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. உலகிலேயே பெருமளவு எண்டோசல்ஃபான் தயாரித்த நாடு இந்தியா. மத்திய அரசின் சொந்த நிறுவனமே கேரளத்தின் ஏலூரில் அதைத் தயாரித்தது. 2011 ஏப்ரல் 25 அன்று ஜெனீவாவில் உறுப்பு நாடுகளின் ஐந்தாம் மாநாடு தொடங்கியது. அதே நாள், திருவனந்தபுரம் பாளையத்தில் தியாகிகள் நினைவுத்தூண் முன்னால் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஒரு மாநில முதல்வர், தன் நாடு வெளிநாட்டில் எடுத்திருக்கும் நிலையை எதிர்த்து வெயிலில் பட்டினி கிடந்த காட்சி இந்தியாவில் அடிக்கடி நடப்பதில்லை. ஏப்ரல் 29 அன்று மாநாடு எண்டோசல்ஃபானை ஒழிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்தது, இருபத்திரண்டாவது பொருளாக. இந்தியாவும் ஒத்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலைதான் சாலைக் கடைத்தெருவில் அவள் அடையாளம் கண்ட அந்த விலக்குப் பட்டியல். இரண்டு வாரத்தில், மே 13 அன்று, உச்ச நீதிமன்றம் இந்தியாவுக்குள் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் இடைக்காலத் தடை போட்டது.

"அப்போ ஜெயிச்சாச்சு" என்றார் ஆசிரியர், பெட்டியைக் கை மாற்றிக்கொண்டே.

ஜெனீவாவில் ஜெயித்தது காசர்கோட்டுக்குத் திரும்பி வர எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் அவள் குறித்து வைத்திருந்தாள். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் திரும்பிப் பார்த்தபோது, பட்டியலில் இருந்த 3,704 பேரில் 8 பேருக்குத்தான் பணம் போயிருந்தது. நீதிபதிகள் கடிந்த பிறகே மாநில அரசு வேகம் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் தயாபாய் என்னும் முதிய சமூகச் செயற்பாட்டாளர், காசர்கோட்டுக்காரர்களுக்கு நல்ல மருத்துவ வசதி கேட்டு இதே நகரத்தின் தலைமைச் செயலகத்தின் முன் இரண்டு வாரத்துக்கும் மேலாக உண்ணாவிரதம் இருந்தார்.

அட்டக்குளங்கரையைக் கடந்தார்கள். பெயரிலேயே குளமும் கரையும் இருக்கின்றன. இப்போது அங்கே பேருந்துகளின் ஹார்ன் சத்தம்தான். குளத்தின் பெயரைச் சாலைச் சந்திப்பு வைத்துக்கொண்டிருப்பதை நாகர்கோவில்காரர்கள் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை. ஸ்ரீவராகத்தில் குளம் இன்னும் இருக்கிறது.

ஓட்டுக்கூரை போட்ட கோயில், லட்சுமியோடு சேர்ந்த வராகமூர்த்தி, பக்கத்திலேயே அகன்று கிடக்கும் நீர். வராகருக்குக் கோயில்கள் குறைவு. தமிழ்நாட்டில் ஸ்ரீமுஷ்ணமும் திருவிடந்தையும் உடனே நினைவுக்கு வரும், கேரளத்தில் இது. கடலுக்குள் அமிழ்ந்த பூமியைக் கொம்பில் தூக்கி வந்த கடவுளின் வாசலில் உட்கார்ந்து சூழலியல் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, உவமைக்கு அலைய வேண்டியதில்லை. ஆசிரியர் அந்த உவமையை எடுக்கவில்லை. படியில் உட்கார்ந்து, காலைக் குளத்தில் நனைத்துக்கொண்டு, டான்யூப் நதியைப் பற்றிப் பேசினார். இருபது ஆண்டுகளாகப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லி வந்த கதை அது.

டான்யூபில் அணை கட்ட ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977இல் ஒப்பந்தம் போட்டன. ஹங்கேரி பாதியில் பின்வாங்கியது. சூழல் கெட்டுவிடும் என்றது. வழக்கு ஹேக் நகரத்தின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 1997 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பானது. நீதிமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர் கொழும்பில் பிறந்த கிறிஸ்டோபர் வீரமந்திரி. அவர் தனியாக ஒரு கருத்துரை எழுதினார். வளர்ச்சியும் சூழல் காப்பும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது வெறும் ஆசை வார்த்தையாகப் பேசப்பட்டு வந்த காலம். அதைச் சட்டத்தின் கொள்கையாகவே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். சான்றுக்கு எங்கே போனார்? இலங்கையின் ஏரிகளுக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பராக்கிரமபாகு, மழையின் ஒரு துளிகூட மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்று நினைத்ததை எடுத்துக்காட்டினார். காட்டுக்குள் விலங்குகள் குடிப்பதற்கென்றே வெட்டிய குளங்களைச் சொன்னார். தான்சானியாவின் சோஞ்சோ, சாகா மக்களின் வாய்க்கால்களையும் பக்கத்தில் வைத்தார். ஐரோப்பிய நதி ஒன்றைப் பற்றிய வழக்கில், ஐரோப்பாவுக்குத் தெரியாத குளங்கள் சாட்சிக் கூண்டில் ஏறின.

"நம்ம ஊர்க் குளத்தையும் அவர் பார்த்திருந்தா சேர்த்திருப்பார்" என்றார் ஆசிரியர். நாகர்கோவில்காரர் ஒருவர் குளத்தைப் பற்றிப் பேசும்போது இந்த அளவு பெருமைக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

குளத்தின் எதிர்க்கரையில் ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பாசி, அதில் சிக்கிய ஒரு மிட்டாய் உறை. இங்கிருந்து கடலை நோக்கிப் போனால் முட்டத்தறை. நகரத்தின் கழிவுநீரை நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் வரை சுத்திகரிக்கும் நிலையம் 2013இலிருந்து அங்கே இயங்குகிறது. அதற்குப் பக்கத்தில், 1815 முதல் 1829 வரை திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாயின் பெயரைத் தாங்கிய பார்வதி புத்தனாறு. படகு போவதற்காக வெட்டிய கால்வாய் பல பத்தாண்டுகள் சாக்கடையாகவே ஓடியது. சாக்கடைக் குழாய் வந்து சேராத வீடுகள் இருக்கும்வரை, சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கால்வாய்க்கு அது பயன்படாது. பயிற்சியின் முதல் மாதத்தில் அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை, இப்படிப்பட்ட வீடுகளைத் தெருத்தெருவாக எண்ணுவது. ஐ.நா. கனவுக்கு இது எங்கே பொருந்தும் என்று அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

"மாமா, நைரோபியில ஒரு பயிற்சி அறிவிப்பு வந்திருக்கு. ஆனா சம்பளம் கிடையாதாம். தங்குறது, சாப்பாடு, விமானம் எல்லாம் நம்ம செலவு."

ஐ.நா. தலைமைச் செயலகமும் சூழல் திட்ட அமைப்பும் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. ஏழை நாடுகளின் குரல் வேண்டும் என்று ஒவ்வொரு தீர்மானத்திலும் எழுதுகிற இடத்துக்குள் நுழைய, ஜெனீவாவில் ஆறு மாதம் வாடகை கொடுக்கக்கூடிய அப்பா வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி உலகெங்கும் இளைஞர்கள் கசந்து பேசியாகிவிட்டது. விதி பெரிதாக மாறவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து போனவர்களில் பலர் பக்கவாட்டுக் கதவால் போனவர்கள்தான். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1940களின் தொடக்கத்தில் விலங்கியல் படித்தது இதே நகரத்தின் மகாராஜா கல்லூரியில். வங்கப் பஞ்சம் அவரை வேளாண்மைப் பக்கம் திருப்பியது. நெல், கோதுமை, உருளைக்கிழங்கு என்று வயலிலும் ஆய்வகத்திலும் நாற்பது ஆண்டுகள் போன பிறகுதான், 1984இல், இயற்கை வளப் பாதுகாப்புக்கான உலகச் சங்கத்தின் தலைவர் நாற்காலி வந்தது.

இந்தக் கதவுகளில் ஆசிரியருக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அதை அவர் டீக்கடையில் சொன்னார், பழம்பொரி ஆறும்வரை.

பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடியினரை அவருக்குப் பழக்கம். அதே மக்கள் அகத்தியமலையின் கேரளச் சரிவிலும் இருக்கிறார்கள். 1987 டிசம்பரில் பி. புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர் குழு ஒன்று அந்த மலையேறியது. வழிகாட்டிகளாக வந்த காணிகள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். இடையிடையே ஏதோ சிறு காயைக் கடித்துக்கொண்டார்கள். மூச்சு வாங்கிய ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டதும் தெம்பு வந்தது. எந்தச் செடி என்று கேட்டபோது உடனே சொல்லவில்லை; வெளியாளிடம் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். இணங்கிக் காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு ஏழு ஆண்டு உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீத உரிமைத்தொகை. இதில் பாதி காணிகளுக்கு. 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது.

பல்லுயிர் வளத்தின் பலனை அந்த அறிவுக்கு உரியவர்களோடு பகிர வேண்டும் என்று 1992இன் ரியோ உடன்படிக்கை சொல்லியிருந்தது. எப்படிப் பகிர்வது என்று யாருக்கும் தெரியாது. விதிமுறையைச் செதுக்கிய நகோயா நெறிமுறை 2010இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில், உலகின் எந்த மாநாட்டு மண்டபத்தில் இந்தப் பேச்சு எழுந்தாலும் காணிகளின் ஏற்பாடு உதாரணமாக வந்து நின்றது. 2002இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது.

மலையில் நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை. காட்டு நிழலில் வளரும் ஆரோக்கியப்பச்சைக்குத்தான் வீரியம். தோட்டத்தில் நட்டால் குறைகிறது. காட்டிலிருந்து இலை பறிக்க வனத்துறை இசையவில்லை, செடியை வேரோடு பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். பங்குத்தொகைக்கு உரிய காணிகளும் பல குடியிருப்புகளாகச் சிதறிக் கிடப்பவர்கள். செடியின் பயனை எல்லாக் குடியிருப்பும் ஒரேபோல அறிந்திருக்கவில்லை, ரகசியத்தை விற்றது யார் என்ற மனத்தாங்கலும் இருந்தது. நகோயா நெறிமுறையில் 'முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல்' என்று ஒரு தொடர் வரும். அந்தத் தொடரின் கஷ்டம் முழுவதும் இந்த மனத்தாங்கலுக்குள் இருக்கிறது. ஒப்புதல் என்றால் யாருடைய ஒப்புதல்? வழிகாட்டிகளுடையதா, மூப்பனுடையதா, மலையின் இந்தப் பக்கம் பேச்சிப்பாறையில் இருக்கிற காணியுடையதுமா?

"நீ அங்க போய் உக்காரும்போது இதைக் கேளு மக்ளே. பதில் வராட்டியும் கேளு."

அவள் பழம்பொரியின் எண்ணெயைத் தாளில் ஒற்றிக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

அறை சிறியது. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், வராந்தாவில் ஒரு கொடி. எட்டிப் பார்த்தால் தென்னை ஓலைகளுக்கு இடையில் குளம் ஒரு துண்டு தெரிந்தது. வீட்டுக்கார அம்மாவின் தமிழில் மலையாளம் பாதி. முன்பணம், தண்ணீர், இரவு ஒன்பதரைக்கு வெளிக்கதவு என்று எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, குப்பைக்கு வந்ததும் நிதானமாக நின்றார்.

"சமையல் மிச்சமெல்லாம் அந்தத் தொட்டியில. அது உரமாயிடும். பிளாஸ்டிக் ஒண்ணும் அதுல விழக்கூடாது. பால் கவர், பிஸ்கட் கவர் எல்லாம் கழுவி, ஒணக்கி, இந்தச் சாக்குல. மாசத்துக்கொரு தடவை ஹரிதகர்ம சேனைக்காரிக வருவாங்க. அழுக்கா இருந்தா எடுக்கமாட்டாங்க, திருப்பிக் குடுத்துருவாங்க. எனக்கு நாணக்கேடு."

வாசல் சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் சதுரத்தைக் காட்டினார். வீடுவீடாகக் குப்பை வாங்கும் அந்தச் சேனையின் பெண்கள் வந்து அதைச் செல்பேசியில் பிடித்தால் இந்த வீட்டின் கணக்கு ஏறிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. நகரத்தின் குப்பை முழுவதும் ஒரு காலத்தில் விளப்பில்சாலை என்னும் பக்கத்துக் கிராமத்துக்கு லாரியில் போனது. கிணற்றுநீரும் காற்றும் கெட்டுப்போன கிராமத்தார் பல ஆண்டுகள் போராடி, 2011 டிசம்பரில் ஆலையைப் பூட்டினார்கள். போலீஸ் காவலோடு லாரிகளைக் கொண்டுபோக முயன்றும் கிராமம் வழிவிடவில்லை. குப்பைக்குப் போக்கிடம் இல்லாமல் தெருமுனையில் எரிந்த மாதங்கள் நகரத்துக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அப்புறம்தான் வீட்டுக்கு வீடு தொட்டி, வார்டுக்கு வார்டு சாணமும் சருகும் அடுக்கும் தும்பூர்முழி முறைப் பெட்டிகள். இதைப் பேசிக் கொண்டிருந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்: கோவளத்தில் குப்பை எரிப்பான் வைக்கும் திட்டம் வந்த 2000ஆம் ஆண்டுவாக்கிலேயே, அது வேண்டாம், குப்பையே சேராத ஏற்பாடு செய்யலாம் என்று தணல் அமைப்பினர் இறங்கி வேலை செய்திருந்தார்கள். ஊரைக் கேட்டு நகரம் மாறியது என்று சொல்ல முடியாது. ஊர் பூட்டியதால் மாறியது.

மதியம் சேனையின் இரண்டு பெண்கள் பச்சைக் கோட்டு அணிந்து தெருவில் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சாக்கைத் தரையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் அவள் போய் நின்றாள்.

"சேச்சி, இதெல்லாம் எங்க போகும்?"

"பாட்டில் விலைக்குப் போவும் மோளே. இந்தக் கவர் பொடிச்சு ரோட்டுத் தாருல போடுவாங்க. இது..." என்று பளபளக்கும் ஒரு சிப்ஸ் உறையை நீட்டி, "இது யாருக்கும் வேண்டாம்" என்றார்.

உள்ளே பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு உறை. பிரிக்க முடியாது, விலையும் இல்லை. 2022 மார்ச் 2 அன்று நைரோபியில் ஐ.நா. சூழல் பேரவை, பிளாஸ்டிக் மாசுக்கு முடிவுகட்டச் சட்டப்பிணைப்புள்ள ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று தீர்மானித்தது. முறைசாராத் தொழிலாளர்களும் கூட்டுறவுகளும் குப்பை பொறுக்கிப் பிரிக்கும் பணியை அந்தத் தீர்மானம் பெயர்சொல்லி மதித்தது. புன்டா டெல் எஸ்டே, பாரிஸ், மறுபடி நைரோபி, ஒட்டாவா, பூசான் என்று பேச்சு ஊர் ஊராகப் போய், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு வந்து, உடன்பாடில்லாமல் கலைந்தது. முக்கியமாகச் சிக்கியது ஓர் இடத்தில்: பிளாஸ்டிக் தயாரிப்பதையே குறைப்பதா, தயாரித்த பின் குப்பையைச் சமாளிப்பதா. எண்ணெய் நாடுகளுக்கு இரண்டாவது போதும். உற்பத்திக்கு உச்சவரம்பு வைப்பதை இந்தியாவும் ஏற்கவில்லை. பூசானில் பிரதிநிதிகள் விட்டுவிட்டு வந்த வரைவு முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள்.

சேச்சியின் கையில் இருந்த சிப்ஸ் உறையும் ஒரு அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. அதை அவர் தனிச் சாக்கில் போட்டு முடிச்சுப் போட்டார்.

மாலை வண்டிக்கு ஆசிரியர் கிளம்பும் முன் டீ போட்டுத் தருவதாக அவள் சொன்னாள். முக்குக் கடையில் அரை லிட்டர் மில்மா, மண்ணெண்ணெய் அடுப்புக் காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் அலுமினியக் குண்டான், புதிதாக வாங்கிய மின்னடுப்பு. கவரின் மூலையைக் கத்தரித்துப் பாலை ஊற்றினாள். காலிக் கவரைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, வராந்தாக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். அது காற்றில் திரும்பித் திரும்பிக் குளத்தைப் பார்த்தது.

வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "மோளே, மூலையை முழுசா வெட்டி எடுத்துட்டியா? பாதி வெட்டி விட்டா போதும், கவரோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தத் துண்டுதான் ஓடையில போய் விழுறது."

டீ பொங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் அடுப்பை அணைத்தார். அவள் குனிந்து, கட்டிலுக்கு அடியில், பாய்க்குக் கீழே, வாசற்படியில் என்று நகத்தளவு நீல முக்கோணம் ஒன்றைத் தேடினாள். முற்றத்துச் சாக்கடை வாயின் கம்பியில் அது நனைந்து ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்தபோது ஐந்தே முக்கால் வண்டிக்கு நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது.